பயந்து மூடி வைத்தால் பரவும். சோதித்துப் பார்த்தால் தெளியும்!

எச்.ஐ.வி. கிருமியைத் தேடிப் போன இளம் ஆராய்ச்சியாளர்களின் கதை



நம் கூட்டமைப்புக் கூட்டம் ஒன்றில் சேமிப்பு, கடன், வசூல் எல்லாம் பேசி முடித்த பிறகு, கிராம சுகாதார செவிலியர் பத்து நிமிடம் பேசினார். "கர்ப்பமா இருக்கிறவங்க எல்லாரும் முதல் செக்கப்புலேயே எச்.ஐ.வி.க்கும் ரத்தம் கொடுத்துடணும்" என்றார். உடனே பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏம்மா, எம் மருமகளைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது? நாங்க மானம் மரியாதையா வாழற குடும்பம்."

சிலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். செவிலியர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அந்த அம்மாவின் கோபம் தணியவில்லை.

அந்த அம்மாவை நாம் குறை சொல்லப் போவதில்லை. அவர் சொன்னதைத்தான் நாற்பது வருடத்துக்கு முன்பு நம் நாடே சொன்னது. "அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க நோய். நம்ம ஊர்ல ஏது?" என்று படித்தவர்களும் பேசினார்கள். அது தப்பு என்று காட்டியது யார் தெரியுமா? பெரிய பதவியில் இருந்தவர் இல்லை. 32 வயது மாணவி, இரண்டு குழந்தைகளுக்குத் தாய், நம் தமிழ்நாட்டுப் பெண். அவர் கதையைத்தான் இந்த முறை சொல்லப் போகிறோம்.

வைரஸ் என்றால் என்ன?

முதலில் இந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். வைரஸ் என்பது மிக மிகச் சின்ன நுண்கிருமி. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காகப் போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் எச்.ஐ.வி.யின் அளவு. கண்ணுக்கும் தெரியாது, சாதாரண மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது.

இந்தக் கிருமிக்குச் சொந்தமாக அடுப்பு கிடையாது, பாத்திரம் கிடையாது. நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து, அங்கே இருக்கிற அடுப்பிலேயே தன் சமையலைச் செய்துகொள்ளும். ஒன்று நூறாகும், நூறு ஆயிரமாகும்.

எச்.ஐ.வி. போய்ப் புகுவது நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில். நோய் வந்தால் எதிர்த்து நிற்கிற காவல்காரர்கள் அவை. காவல்காரனையே பிடித்துவிட்டால் வீடு என்ன ஆகும்? டி.பி., வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று எது வேண்டுமானாலும் உள்ளே வரும். அந்த நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். கிருமி உடம்பில் நுழைந்து அந்த நிலை வருவதற்குப் பல வருடங்கள் ஆகலாம். அதுவரை ஆள் நன்றாகத்தான் இருப்பார். பார்த்தால் தெரியாது, சோதித்தால்தான் தெரியும்.

இன்னொரு தந்திரமும் இதனிடம் உண்டு. நம் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் யாரோ ஒருவர் நமக்குத் தெரியாமல் ஒரு வரி எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர் எல்லாம் அந்தத் திருட்டு வரியையும் நம் தீர்மானம் என்றே நினைத்து நிறைவேற்றுவார்கள். எச்.ஐ.வி. செய்வதும் அதுதான். செல்லின் மரபுப் புத்தகத்தில் தன் வரியைச் சேர்த்து எழுதிவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவோம்.

பாரிஸில் ஒரு பெண்

1981-இல் அமெரிக்காவில் இளைஞர்கள் சிலர் காரணம் தெரியாத நோயில் விழுந்தார்கள். எந்தக் கிருமி என்று யாருக்கும் புரியவில்லை. 1983 ஜனவரியில் பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரில், பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நோயாளியின் கழுத்து நெறிக்கட்டியிலிருந்து எடுத்த சின்னத் துணுக்கு வந்தது. அதைச் சோதித்த குழுவில் இருந்தவர் பிரான்சுவா பாரே-சினூசி என்ற பெண். அப்போது அவருக்கு 35 வயது. கல்லூரியில் படிக்கும்போதே ஆராய்ச்சிக்கூடத்தில் சம்பளம் இல்லாமல் வேலை கற்றுக்கொண்டவர்.

சில நாளுக்கு ஒருமுறை அவர் அந்தச் செல்களைச் சோதித்துப் பார்த்தார். வைரஸ் இருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. ஆனால் செல்கள் மடமடவென்று செத்துக்கொண்டே வந்தன. செல் செத்தால் வைரசும் போய்விடும், ஆதாரம் கையை விட்டுப் போகும். என்ன செய்தார்கள்? ரத்த தானம் செய்தவரின் புதிய ரத்த அணுக்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உறை மோர் தீர்ந்துபோகும் முன் புதுப் பால் ஊற்றிக் காப்பாற்றுகிற மாதிரி! புதிய அணுக்களையும் அந்த வைரஸ் பிடித்தது. 1983 மே மாதம் அந்த முடிவு வெளிவந்தது. அதுதான் பிறகு எச்.ஐ.வி. என்று பெயர் பெற்றது. 2008-இல் பாரே-சினூசிக்கும் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் லுக் மோந்தானியேவுக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கிருமி எது என்று தெரிந்ததால் அதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையும் வந்தது. அந்தப் பரிசோதனைதான் நம் சென்னைக் கதைக்கு வழி திறந்தது.

"எதுவும் இருக்காது மேடம்"

1985-ஆம் வருடக் கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தார் செல்லப்பன் நிர்மலா. பட்டத்துக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். அவருடைய பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், "எய்ட்ஸ் கிருமி நம்ம ஊரில் இருக்கிறதா என்று தேடிப் பார்" என்றார். மும்பையில் நூற்றுக்கணக்கானவர்களின் ரத்தத்தைச் சோதித்தும் ஒன்றும் தெரியவில்லை. அதனால் இங்கேயும் எதுவும் இருக்காது என்றுதான் நிர்மலா நினைத்தார்.

அவர் சின்ன ஊரில் வளர்ந்தவர். பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களைத் தேடிப் போய் ரத்தம் கேட்பது என்றால் லேசா? தயங்கினார். "போய்ச் செய்" என்று தைரியம் சொன்னவர் அவருடைய கணவர். அப்போது அவர்களிடம் பணமும் அதிகம் இல்லை. பஸ் செலவை மிச்சப்படுத்த, கணவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார்.

மும்பை போல சென்னையில் இந்தத் தொழிலுக்கென்று தெரிந்த இடம் கிடையாது. எங்கே போய்த் தேடுவது? பால்வினை நோய்க்கு வைத்தியம் பார்க்க வருகிறவர்களைப் பார்க்கலாம் என்று அரசு பொது மருத்துவமனைக்குப் போனார். இரண்டு பெண்களோடு பழகினார். அவர்கள் மற்றவர்களைக் காட்டினார்கள். அவர்களில் பலருடைய முகவரியைப் பார்த்தால், கைதான பெண்களை வைத்திருந்த அரசுக் காப்பகம் என்று இருந்தது. அதன் பிறகு வேலைக்குப் போகும் வழியில் தினமும் அந்தக் காப்பகத்துக்குப் போனார்.

மூன்று மாதத்தில் 80-க்கும் மேற்பட்ட பெண்களின் ரத்தம் சேர்ந்தது. கையுறை இல்லை, எந்தப் பாதுகாப்புப் பொருளும் இல்லை. பேராசிரியையும் மாணவியுமாகச் சேர்ந்து ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து எடுத்தார்கள். வைப்பதற்கு நல்ல வசதி இல்லாததால் நிர்மலா தன் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே வைத்துக்கொண்டார்!

பணியாரக் கல்லில் மஞ்சள் நிறம்

சென்னையில் அப்போது இந்தச் சோதனை செய்யும் வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்தது. 1986 பிப்ரவரியில் ஒரு நாள், ஐஸ் பெட்டியில் மாதிரிகளை அடுக்கிக்கொண்டு நிர்மலாவும் கணவரும் ராத்திரி ரயிலில் ஏறிக் காட்பாடியில் இறங்கினார்கள். அங்கிருந்து ஆட்டோ பிடித்து சி.எம்.சி. போய்ச் சேர்ந்தார்கள். வைரஸ் பிரிவின் தலைவர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ் என்ற இரண்டு இளம் மருத்துவர்களை உதவிக்குக் கொடுத்தார்.

இந்தச் சோதனைக்கு எலைசா என்று பெயர். நம் குழிப்பணியாரக் கல்லைப் போல, ஆனால் மிகச் சின்னக் குழிகளாக, ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். குழிகளில் ஏற்கெனவே கிருமியின் துணுக்குகளை ஒட்ட வைத்திருப்பார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய சீரம். அந்தக் கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய பொருள் அந்தச் சீரத்தில் இருந்தால் அது துணுக்குகளோடு போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஊற்றுகிற மருந்து நிறம் மாறிக் காட்டிக் கொடுக்கும். இல்லை என்றால் நிறம் மாறாது.

காலை எட்டரை மணிக்கு வேலை ஆரம்பித்தது. மத்தியானம் கரண்ட் போய்விட்டது. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து ஜார்ஜ் பாபு மூடியைத் திறந்தார், சட்டென்று மூடினார். நிர்மலா எட்டிப் பார்த்தார். சில குழிகள் மஞ்சளாகியிருந்தன. எண்ணிப் பார்த்தால் ஆறு. அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. இருக்காது என்று நினைத்ததுதான் கண் முன்னால் இருந்தது.

உடனே ஓடிப் போய் ஊருக்குச் சொன்னார்களா? இல்லை. இங்கேதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று, அந்த ஆறு பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதை எரிக் சிமோஸ் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அங்கே வேறு முறையில் சோதித்தும் அதே பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அரசுக்குத் தகவல் போனது. 1986 மே மாதம் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். அப்போது நிர்மலாவும் சுனிதி சாலமனும் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தார்கள்.

நம் குழுவில் கணக்கு எழுதும் தோழி, மொத்தம் சரியாக வந்தாலும் இன்னொரு தடவை கூட்டிப் பார்ப்பார் அல்லவா? அதே ஒழுக்கம்தான் இது. இன்றும் நம்பிக்கை மையத்தில் ஒரே சோதனையை வைத்து "உங்களுக்கு இருக்கு" என்று சொல்லிவிட மாட்டார்கள். வேறு வேறு கிட்டில் மறுபடி பார்த்த பிறகுதான் சொல்வார்கள்.

அந்த ஆறு பெண்கள்

இந்தக் கதையில் வருத்தமான பக்கமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. காப்பகத்துப் பெண்களிடம் என்ன சோதனை என்று விளக்கிச் சொல்லவில்லை. வேறு பால்வினை நோய்க்குத்தான் ரத்தம் எடுக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இதைப் பின்னாளில் நிர்மலாவே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்த நாளில் இந்தக் கிருமிக்கு மருந்தும் கிடையாது. பிறகு, கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்களை அடைத்து வைத்த கொடுமையும் நடந்தது. 1990-இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

நாம் இன்று பாதுகாப்பாக ரத்தம் ஏற்றிக்கொள்கிறோம். நம் மகள்கள் பிரசவத்துக்குப் போகிறார்கள். இதற்கெல்லாம் ஆரம்பத்தில் பெயர் தெரியாத அந்தப் பெண்களின் ரத்தம் இருக்கிறது. அவர்களுக்கு நாம் பட்ட கடன் சின்னதில்லை.

இன்று அப்படிச் செய்ய முடியாது. எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் சோதிக்க வேண்டும். முடிவை வெளியில் சொல்லக் கூடாது. வேலையிலோ, பள்ளிக்கூடத்திலோ, ஆஸ்பத்திரியிலோ ஒதுக்கி வைக்கக் கூடாது.

நிர்மலா 1987-இல் தன் ஆய்வை முடித்துக் கொடுத்தார். பிறகு கிண்டி கிங் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து 2010-இல் ஓய்வு பெற்றார். நாட்டுக்கே எச்சரிக்கை மணி அடித்த அவரைப் பற்றிப் பல வருடங்கள் அதிகம் பேருக்குத் தெரியவே இல்லை. சுனிதி சாலமன் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டார். 2015-இல் காலமானார்.

மருந்து வந்தது, பயம் மட்டும் போகவில்லை

இன்று நிலைமை வேறு. 2004 ஏப்ரல் முதல் நம் நாட்டில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கிறது. முதலில் ஆரம்பித்த இடங்களில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் ஒன்று. தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் கிருமி தலைதூக்காது. எச்.ஐ.வி. உள்ளவரும் மற்றவர் போல வேலை செய்யலாம், நீண்ட நாள் வாழலாம். ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கிருமி குறைந்து, அப்படியே நீடித்தால், தாம்பத்திய உறவால் அடுத்தவருக்குப் பரவுவதில்லை என்பதும் ஆராய்ச்சியில் உறுதியாகியிருக்கிறது.

தாயிடமிருந்து குழந்தைக்கு? மருந்தே இல்லாமல் விட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குப் பரவலாம். தாய்க்கு நேரத்தோடு மருந்து கொடுத்து, பிறந்த குழந்தைக்கும் சொட்டு மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே வந்துவிடும். அதனால்தான் செவிலியர் எல்லாக் கர்ப்பிணிகளையும் கேட்கிறார். நம் மருமகள் நடத்தையைப் பற்றிய கேள்வி இல்லை அது. பேரப்பிள்ளையின் உயிரைப் பற்றிய கேள்வி.

இன்னும் ஒன்று. 2023 மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். அவர்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் பெண்கள். இவர்களில் ரொம்பப் பேர் எந்தத் தப்பும் செய்யாமல் கணவர் மூலம் பெற்றவர்கள். "மானம் மரியாதை" என்ற பேச்சு இந்தப் பெண்களை வாயடைக்க வைக்கிறது. கிருமிக்கு அது வசதியாகப் போகிறது.

இன்றைய இளம் ஆராய்ச்சியாளர்கள்

இப்போது என்ன ஆராய்ச்சி நடக்கிறது? இரண்டு சேதி சொல்கிறோம்.

ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. லெனகபவிர் என்ற மருந்தை வயிற்றுத் தோலுக்கு அடியில் போடுவார்கள். வைரசின் உள் ஓட்டையே செயல்பட விடாமல் செய்யும் மருந்து இது. தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுள்ள 5,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை! தினமும் மாத்திரை கொடுக்கப்பட்ட மற்றப் பிரிவுகளில் 55 பேருக்குத் தொற்றியது. வீட்டில் மற்றவர் கண்ணில் படாமல் தினமும் மாத்திரை சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியாதா? 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஏழை நாடுகளுக்காக வருடத்துக்குச் சுமார் 40 டாலர் விலையில் 2027 முதல் தயாரித்துக் கொடுக்க இரண்டு இந்திய நிறுவனங்கள் முன்வந்திருக்கின்றன. ஒன்றை மறக்கக் கூடாது. இது வராமல் தடுப்பதற்கான ஊசி. வந்ததைக் குணமாக்கும் ஊசி இல்லை.

இரண்டாவது சேதி ஆஸ்திரேலியாவிலிருந்து. தீர்மானப் புத்தகத்தில் எழுதிய திருட்டு வரி ஞாபகம் இருக்கிறதா? அந்த வரி இருக்கிற சில செல்கள் தூங்கிப்போய்விடும். பெட்டியில் பூட்டி வைத்த பழைய புத்தகம் மாதிரி. மருந்துக்கு அது அகப்படாது. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி விழித்துக்கொள்ளும். எச்.ஐ.வி.யை முழுக்கக் குணப்படுத்த முடியாததற்கு இதுதான் பெரிய காரணம்.

மெல்போர்ன் நகரின் டோகர்ட்டி நிலையத்தில் பௌலா செவால் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி தேடினார்கள். எம்.ஆர்.என்.ஏ. என்ற செய்தித் துணுக்கை, கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள் வைத்து, தூங்கும் வெள்ளை அணுவுக்குள் அனுப்பினார்கள். "ஒளிந்திருக்கிற வைரசை வெளியே காட்டு" என்பதுதான் அந்தச் செய்தி. அதுவரை அந்த வகை அணுக்களுக்குள் இப்படிச் செய்தி அனுப்ப முடியாது என்றே நினைத்திருந்தார்கள். முதல் முடிவைக் கொண்டுவந்து காட்டியவர் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு மாணவி. "இவ்வளவு நல்லா வந்திருக்கே, நம்ப முடியலையே" என்று எல்லோருக்கும் சந்தேகம். மறுபடி செய்து பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரமும் அதே போல நல்ல முடிவோடு வந்தார். அதன் பிறகுதான் நம்பினார்கள்!

2025-இல் வெளிவந்த இந்த ஆராய்ச்சி, எச்.ஐ.வி. உள்ளவர்கள் கொடுத்த ரத்த அணுக்களை வைத்துக் கூடத்தில் செய்தது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் பல வருடங்கள் ஆகும். வெளியே வந்த வைரசை எப்படி ஒழிப்பது என்பதும் இனிமேல்தான் பார்க்க வேண்டும். "எய்ட்ஸுக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு, பத்தாயிரம் கொடு" என்று யாராவது லேகியம் விற்க வந்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

நமக்கு என்ன?

பாரிஸிலும் வேலூரிலும் மெல்போர்னிலும் நடந்தது ஒன்றுதான். இல்லை என்று எல்லோரும் சொன்னாலும் தேடிப் பார்த்தார்கள். கிடைத்ததை மறுபடியும் சோதித்தார்கள். தேடியவர்கள் பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். அவர்களில் நம்மைப் போன்ற குடும்பப் பெண்ணும் உண்டு. நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படிக்கிற பெண் இருக்கிறாளா? "படிச்சது போதும்" என்று சொல்லும் முன் நிர்மலாவை நினைத்துக்கொள்வோம். குழுவில் கல்விக் கடன் கேட்டு வந்தால் முதலில் அவளுக்குக் கொடுப்போம்.

அன்று கோபப்பட்ட அந்த அம்மாவிடம் இந்தக் கதையை வாசித்துக் காட்டினோம். முழுக்கக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணு வீட்டு ஃப்ரிட்ஜுல வச்சிருந்தாளா?" என்று மட்டும் கேட்டார். மறு வாரம் மருமகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார்.

குழுவில் பேசுவதற்கு:

1. நம் ஊரில் கர்ப்பிணிகள் எத்தனை பேர்? எல்லோரும் முதல் மூன்று மாதத்துக்குள் ரத்தம் கொடுத்துவிட்டார்களா?

2. பக்கத்தில் நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது? ஆலோசனையும் பரிசோதனையும் அங்கே இலவசம். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

3. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், ஒரே கழிப்பறையில் போனால், கொசு கடித்தால் எச்.ஐ.வி. பரவாது. இது நம் குழுவில் எல்லோருக்கும் தெரியுமா?

4. எச்.ஐ.வி. உள்ள ஒரு பெண் நம் குழுவில் சேர வந்தால் நாம் என்ன தீர்மானம் போடுவோம்?

நாலாவது கேள்விக்கு உங்கள் குழு எழுதும் பதிலை, பெயர் போடாமல் நமக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சேர்ந்து பேசுவோம்.